பின்கதவு பீடிங் எங்கே கிடைக்கும்?

பழைய காரைத் தூக்கி நிறுத்த நினைப்பவர்கள் எஞ்சினைப் பார்த்துத்தான் முதலில் பயப்படுகிறார்கள். கையில் பணமும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் எஞ்சினுக்கு வழி பிறந்துவிடும். கதவோரத்து ரப்பர் பீடிங், பானெட்டில் பதித்த பெயர் எழுத்து, கண்ணாடியைச் சுற்றி ஓடும் பளபளப்புப் பட்டை, பின்விளக்கின் சிவப்பு மூடி என்று வரும்போதுதான் வேலை அப்படியே நின்றுவிடுகிறது. கந்தர்வக்கோட்டையில் நண்பரின் முந்திரிக் கொல்லைக் கொட்டகையில் நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டை நாங்கள் சிலர் சேர்ந்து சீர்செய்து வருகிறோம். அதைப் பார்க்க வந்த லேத் பட்டறைக்காரர் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். “எஞ்சினை விடுங்கண்ணே, ஓட வச்சுக் காட்டுறேன். முன்னாடி இருக்கிற இந்தப் பேரை எந்தக் கடையில வாங்குவீங்க?”

ஹெரால்டு நம்ம ஊர் கார். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் கொடுத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வெளிவந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் அதைத் தயாரிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்திலேயே திரும்புகிறதோ என்று தோன்றும் அளவுக்குச் சின்ன வட்டத்தில் திரும்பும். 948 சிசி எஞ்சின். தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல். இங்கிலாந்தில் கடைசிவரை அது இரண்டு கதவு வண்டிதான். பின்சீட்டில் நாலு பேரை ஏற்றி, மடியில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போகிற நம் குடும்பங்களுக்கு அது போதவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் மார்க் 3 என்ற பெயரில் நான்கு கதவு ஹெரால்டு இங்கே பிறந்தது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. எழுபதுகளில் அதற்குப் பின் வந்த கெஸலும் அப்படியே.

சிக்கலின் வேர் இங்கேதான். ஹெரால்டின் சட்டத்தை வைத்துத்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. அதற்கு இன்றும் ஏராளமான ரசிகர்கள். அதனால் பிரேக், கிளட்ச், ஸ்டீயரிங் சாமான்களை இங்கிலாந்துக் கடைகள் புதிதாகவே செய்து விற்கின்றன. ஆனால் மார்க் 3 வண்டியின் பின்கதவு பீடிங்கை எந்த வெள்ளைக்காரர் செய்வார்? கெஸலின் முன் கிரில் அவர்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. நாம் உண்டாக்கியதை நாம் மட்டும்தான் திரும்பச் செய்ய முடியும்.

பெயர் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து எம்ப்ளங்கள் பெரும்பாலும் துத்தநாக டைகாஸ்டிங். நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம் கலந்த துத்தநாகத்தை உருக்கி எஃகு அச்சில் அழுத்தி ஊற்றுவார்கள். நானூறு டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் லட்சக்கணக்கில் செய்வதற்குத் தோது. வயதானால்தான் வினை: முலாமுக்கு அடியில் உப்புப் பூத்து, அம்மைத் தழும்பாகக் குழி விழும். தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து தேய்ந்துவிடும். எஃகு அச்சு செய்ய லட்சங்கள் வேண்டும். நமக்குத் தேவையோ நாலைந்து எழுத்துகள்.

எங்களுக்குக் கிடைத்த விடை தஞ்சாவூரைத் தாண்டி இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். நடராஜர் விரல் நகம்வரை துல்லியமாக வரும் வேலை அது. கார் எழுத்துக்கும் அதே முறை செல்லும். பழைய எழுத்தின்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் மெழுகுப் பிரதி எடுத்து, பித்தளையில் வார்க்கலாம்.

ஆனால் சுருக்கக் கணக்கைப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆறும்போது பித்தளை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். இருபது சென்டிமீட்டர் எழுத்தில் மூன்று மில்லிமீட்டர் போய்விடும். மெழுகு சுருங்குவது தனி. எழுத்தின் பின்னால் இருக்கும் ஆணிகள் பானெட் ஓட்டைகளில் உட்காராது. அப்போது ஓட்டையை ராவிப் பெரிதாக்குகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. போலிக்காக அசலைக் கெடுப்பது என்ன நியாயம்? முதல் மாதிரியைச் சுருக்கத்துக்கு ஈடாகப் பெரிதாகச் செய்வதுதான் முறை. பழைய எழுத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அளவைக் கூட்டி, முப்பரிமாண அச்சுப்பொறியில் மாதிரி எடுப்பது இன்று எட்டாத வேலை அல்ல.

அடுத்து முலாம். குரோம் என்று நாம் சொல்லும் பளபளப்பில் பெரும்பங்கு அதற்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. மேலே உள்ள குரோம் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இராது. மங்காமல் காப்பதே அதன் வேலை. ஆகவே நிக்கலில் மிச்சம் பிடிக்கிறவரிடம் போகக் கூடாது. பஃபிங் சக்கரத்தில் அவசரப்பட்டால் எழுத்தின் விளிம்பு மழுங்கி, சோப்பில் செதுக்கியதுபோல் ஆகிவிடும். முலாம் பட்டறையின் கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அந்த ஊர் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். ஒரு பம்பரின் மினுக்குக்காக இன்னொரு ஊர்க் கிணற்றைக் கெடுக்க முடியாது.

ரப்பரில் நுட்பத்தைவிடக் கணக்குதான் பெரிய தடை. பீடிங்கின் குறுக்குவெட்டை எஃகுத் தகட்டில் வெட்டி, அதன் வழியே ரப்பரைப் பிதுக்கினால் போதும். ஆனால் பட்டறைக்காரர் நூற்றுக்கணக்கான மீட்டருக்குக் குறைந்து ஓட்டமாட்டார். நாலு மாவட்டத்து ஹெரால்டுக்காரர்கள் கூட்டாகப் பணம் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

இப்படிச் செய்தவற்றைக் காரில் மாட்டுவது அசலுக்குத் துரோகம் என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளம் இடச் சொல்கிறது. அதுவே நேர்மையான வழி. எழுத்தின் முதுகில் வார்த்த ஆண்டைப் பொறித்துவிட்டால் யாரும் ஏமாறப்போவதில்லை. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ வரிசையில் பதிவு தரும் 2021ஆம் ஆண்டு மத்திய அரசு விதியும் வண்டியின் அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்றுதான் சொல்கிறது.

நான் கவலைப்படுவது வரைபடங்களைப் பற்றி. இங்கிலாந்தில் 1975இல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ், பழைய அச்சுகளைக் காப்பாற்றி வைத்து அவற்றிலேயே எம்ஜிபி காரின் முழு உடலை மறுபடி அடித்துத் தந்தது. போர்ஷே நிறுவனம் தன் பழைய கார்களுக்குச் சில சாமான்களை முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருவதாக 2018இல் அறிவித்தது. நம் நாட்டில் தொழிற்சாலை மூடினால் இயந்திரம் ஏலத்துக்குப் போகிறது, இரும்பு காயலான் கடைக்குப் போகிறது; வரைபடக் கட்டு எங்கே போயிற்று என்று கேட்க ஆளில்லை. ஆளுக்கொரு மூலையில் ஒரு பீடிங்குக்கு அச்சு வெட்டி, அந்த அளவையும் ரகசியமாகப் பூட்டி வைத்தால், அவரவருக்குப் பின் அதுவும் தொலையும். நம் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஒரு மார்க் 3 கதவைக் கொடுத்து, கைப்பிடி முதல் பீடிங் வரை அளந்து வரையச் சொல்லலாம். வரைந்ததை எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும்.

புதுக்கோட்டை, தஞ்சை, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்து ஹெரால்டு, கெஸல் சாமான்கள் பரணில் கிடக்கலாம்: ஒரு வீல் கப், உடைந்த கிரில், இறுகிப்போன ரப்பர்த் துண்டு. உடைந்திருந்தாலும் அளவெடுக்க உதவும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், விற்கவும் வேண்டாம். சில நாள் இரவல் தாருங்கள். அச்செடுத்த பிறகு உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.