மே மாதத்துப் பூட்டு

பெரியம்மா வீட்டுப் பரணில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து கட்டுகளாக இருந்தது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி இதழில் வந்த பக்கங்களை வாரா வாரம் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கியவை. பைண்டருக்கு ஓரம் வெட்டுவதில் கை கொஞ்சம் தாராளம் போல. வலப்பக்க வரிகளில் கடைசி எழுத்து இருக்காது, ஊகித்துத்தான் படிக்க வேண்டும். மணியம் வரைந்த குந்தவையைப் புரட்டினால் பின்னால் ஏதோ ஒரு தைல விளம்பரம். ஊரார் மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்ததை, முழுப் பரீட்சை முடிந்து வந்த நான் இருபது நாளில் தின்று தீர்த்தேன்.

ஒரு கட்டில் நாலு வாரத்துப் பக்கங்கள் மட்டும் இல்லை. அதுவும் எந்த இடம்? கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகிற இடம்.

“பெரியம்மா, கரிகாலனைக் கொன்னது யாரு?”

வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னார். கூட இருந்து பார்த்தவர் மாதிரி கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதையும் சொன்னார். பத்து வருடம் கழித்து முழுப் புத்தகம் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, எழுதிய கல்கியே அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை என்று. வாசகர்கள் இன்றைக்கும் அந்தக் கொலை வழக்கை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரியம்மா தீர்ப்பே எழுதி முடித்துவிட்டார்!

விடுமுறைப் புத்தகம் நாம் தேர்ந்தெடுப்பது அல்ல, போன வீட்டில் கிடைப்பது. மாமா வீடென்றால் முத்து காமிக்ஸ். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவனுக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். அதைப் படித்துவிட்டு ப்ளக் பாயின்ட்டை ஒரு மாதிரியாகப் பார்த்த பையன்களை நான் அறிவேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாத நாவல்கள் இருக்கும். அவற்றை நமக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதாலேயே முதலில் படிக்கப்பட்டவை அவை. யாரும் பட்டியல் போடவில்லை. படித்து முடித்ததும் பத்து வரியில் சுருக்கம் எழுதச் சொல்லவில்லை. இன்றைய கோடை முகாம்கள் இந்த இரண்டையும் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கின்றன.

இப்போது பல வீடுகளில் பரணே இல்லை. இருக்கிற பரணில் பழைய மிக்ஸி இருக்கிறது. அடுக்குமாடியில் வாழும் தாத்தா பாட்டியைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் புத்தகம் இருக்கிற இடம் ஒன்று ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அரசுப் பள்ளியின் நூலக அலமாரி. கதைப் புத்தகங்கள், படப் புத்தகங்கள், அரசே வாங்கிக் கொடுத்தவை. பிள்ளைகளுக்கு நேரமே இல்லாத பத்து மாதம் அது திறந்திருக்கும், அல்லது திறந்திருப்பதாகக் கணக்கு. நேரம் மட்டுமே இருக்கிற மே மாதத்தில் பூட்டு.

ஆசிரியர் மீது பழி போட மனம் வரவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். சில சமயம் கைக்காசு போடுபவரும் அவரே. அப்படியிருக்க, பூட்டுவதுதான் புத்திசாலித்தனம். நானாக இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

இத்தனைக்கும் இது நூலக விஷயத்தில் முந்திக்கொண்ட மண். 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வண்டி கட்டிக்கொண்டு வாசகரைத் தேடிப் போன ஊரில், வாசலுக்கு வந்த வாசகரைப் பூட்டு திருப்பி அனுப்புகிறது.

பள்ளிக் கல்வித் துறை ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கடைசி வேலை நாளன்று அலமாரியைத் திறந்து, ஆளுக்கு ஐந்து புத்தகம் என்று அள்ளிக் கொடுத்துவிடலாம். எது வேண்டுமோ அதைப் பிள்ளைகளே எடுக்கட்டும்; கை போன போக்கில் எடுத்தாலும் சரி. பள்ளி திறந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வராத புத்தகத்துக்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்ற வரி அந்தச் சுற்றறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

சில புத்தகங்கள் வராது. சிலவற்றை ஆடு தின்றிருக்கும். சில புத்தகங்கள் நாலு பக்கம் குறைந்து வரும். அந்த நாலு பக்கத்தில் என்ன இருந்தது என்று கொண்டுவந்த பிள்ளையைக் கேட்டால் போதும், பெரியம்மா மாதிரி சொல்லிவிடும்.