ஏட்டில் "குறைந்த அபாயம்"; வெள்ளத்தில் ஏழு பிணங்கள்!

"அபாயம் குறைவு" என்று அதிகாரிகள் ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த அணைதான் 2006 மார்ச் 14-ந் தேதி, பொழுது விடியுமுன் உடைந்து ஏழு உயிர்களைக் குடித்தது. மாண்டவர்களில் ஒருவர் கர்ப்பிணி; ஒன்று சிறு குழந்தை.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் கவாய் என்றொரு தீவு. அங்கே கா லோகோ என்ற மண் அணை. கரும்புத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்ச 1890-ல் சர்க்கரைக் கம்பெனி கட்டியது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வியர்வையில் செழித்தவை ஹவாய்த் தோட்டங்கள். லாபம் வற்றியதும் கம்பெனி கடையைக் கட்டியது. நிலம் கைமாறி, பணக்காரக் கார் வியாபாரி ஒருவரின் சொத்தாயிற்று. கரை மட்டும் அங்கேயே நின்றது. அதன் கீழே மனிதர்கள் குடியிருந்தார்கள்.

மண் அணைக்கு உயிர்நாடி எது? கலிங்கு! ஏரிப் பாசனத்தில் வேலை செய்த எந்த விவசாயத் தொழிலாளியும் இதைச் சொல்வார். மிஞ்சிய தண்ணீர் கலிங்கு வழியே வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் கரைமேல் ஏறி வழியும், மண்ணை அரிக்கும், கரை போய்விடும். அரசு நியமித்த சுயேச்சை விசாரணையின் அறிக்கை 2007-ல் வெளிவந்தது. கா லோகோவில் கலிங்கைக் காணோம், அது மண்ணால் மூடப்பட்டதையே சான்றுகள் காட்டுகின்றன என்றது. தாம் மூடவில்லை என்றார் உடைமையாளர்.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? 1987 முதல் அணைப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது. ஆனால் அந்த அணையை ஒரு தடவைகூட அவர்கள் முறைப்படி பரிசோதிக்கவில்லை. ஏன்? ஏட்டில்தான் "அபாயம் குறைவு" என்றிருக்கிறதே!

தோழர்களே, இந்த வகுப்புப் பிரிவினையின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். அங்கே அணைகளை உயர்ந்த அபாயம், கணிசமான அபாயம், குறைந்த அபாயம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். இது கரையின் பலத்தை அளப்பதல்ல. உடைந்தால் கீழே உயிர் போகுமா, என்ன நாசமாகும் என்பதையே அளப்பது. உயிர்ச்சேதம் வராது என்று கருதினால்தான் "குறைந்த அபாயம்". அப்படியானால் கா லோகோவின் கீழே குடியிருந்தவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? கணக்கிலேயே சேர்க்கவில்லை!

அந்த இரண்டு வார்த்தையால் லாபம் யாருக்கு? உடைமையாளருக்குப் பராமரிப்புச் செலவு மிச்சம். அதிகாரிக்கு நடை மிச்சம். கீழே வசிப்பவனுக்குக் கிடைத்தது வெள்ளம்.

முன்னெச்சரிக்கை இல்லாமலா? 1977 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவாவில் தனியார் கல்லூரிக்குச் சொந்தமான மண் அணை உடைந்து 39 பேர் மாண்டார்கள். அதன்பின் ஜனாதிபதி கார்ட்டர் "உயர்ந்த அபாய" அணைகளைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். நல்லது. ஆனால் பட்டியலே பொய்யானால் பரிசோதனை எங்கே போய்ச் சேரும்?

"சின்ன அணைதானே, தனியார் சொத்துதானே, சர்க்கார் ஏன் தலையிட வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சொத்தின் எல்லைக்கல்லைக் கண்டு வெள்ளம் நின்றுவிடுமா? லாபம் தனியாருக்கு, சாவு பொதுஜனங்களுக்கு என்பதுதான் இந்த நியாயத்தின் முழு அர்த்தம்!

தண்டனையையும் பாருங்கள். 2014-ல் உடைமையாளருக்கு ஏழு மாதச் சிறை. உயிர் ஒன்றுக்கு மாதம் ஒன்று! அணைச் சட்டத்தை 2007-ல் கடுமையாக்கினார்கள். பிணம் விழுந்த பிறகு!

அமெரிக்க அணைகளில் பாதிக்கு மேல் தனியாருடையவை. ஆகவே கோரிக்கை தெளிவானது. அணை எந்த வகுப்பு என்பதைக் கீழே வசிப்பவர்களின் முன்னால் பகிரங்கமாகப் படிக்க வேண்டும். கீழே புதிதாக ஒரு வீடு எழுந்தாலும் வகுப்பை மறுபடி பார்க்க வேண்டும். கலிங்கை வருஷா வருஷம் மக்கள் கண் முன்னே சோதிக்க வேண்டும். செலவு உடைமையாளர் தலையில்!

கரைக்குக் கீழே படுத்துறங்குகிறவனுக்கே கரையைப் பற்றிக் கேட்கும் முதல் உரிமை. அதை யாரும் தானமாகத் தரமாட்டார்கள்; ஒன்றுபட்டு நின்று பெறவேண்டும்!