பிரேக் இன்ஸ்பெக்டரின் ஒற்றை வரி

ஜி.நாகரத்னா எதிர் ஜி.மஞ்சுநாதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று பிறப்பித்த உத்தரவு, எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) எதிருரைகளின் முதல் பத்திக்கே வந்துவிட்டது. தன் கவனக்குறைவால் தானே அடிபட்டவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ் வழியில்லை, கதை முடிந்தது என்கிறது இன்சூரன்ஸ் தரப்பு. துறைமுகத்தில் கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பி, வாகைக்குளம் தாண்டுவதற்குள் டிரெய்லர் மடங்கிக் கால் நசுங்கிய சம்பள டிரைவருக்கும் அதையே நீட்டுகிறார்கள். இதற்கு நாம் தலையாட்டக் கூடாது.

அது கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 23 தீர்ப்பில் தலையிட விருப்பமில்லை என்று சுருக்கமாகத் தள்ளப்பட்ட சிறப்பு அனுமதி மனு. குன்ஹயம்மது வழக்கு (2000) தெரிந்தவர் எவரும் அதை அரசமைப்பின் 141-ஆவது உறுப்பின்படி அறிவிக்கப்பட்ட சட்டம் என்று சொல்ல மாட்டார். சங்கதியும் வேறு. அங்கே இறந்தவர் காரைத் தானே ஓட்டிச் சென்றவர், ஒப்பந்ததாரர் என்று குடும்பமே சொன்னது. முதலாளியின் வண்டியை, முதலாளி சொன்ன இடத்துக்கு, முதலாளி சொன்ன நேரத்துக்குள் ஓட்டும் டிரைவரை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

சம்பள டிரைவருக்கு எப்போதும் திறந்திருக்கும் கதவு தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரின் கதவு. தப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது. 2025 நவம்பர் 21 முதல் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நிற்கிறது. அதற்கு முந்தைய விபத்துகளைப் பழைய சட்டப்படியே நடத்துங்கள். அங்கே நம் கையைக் கட்டுவது சம்பள உச்சவரம்பு. 2020 ஜனவரி 3-இல் அது 8,000-லிருந்து 15,000 ரூபாய் ஆனது. பேட்டாவோடு சேர்த்து மாதம் 25,000 பார்க்கும் 40 வயது டிரைவருக்கு 15,000-இல் 60 சதவீதம், காரணி 184.17 என்று போட்டால், முழு ஊனத்துக்கே 16,57,530 ரூபாய்தான். டாக்டர் 37 சதவீதம் என்று எழுதி, அதை நாமும் விட்டுவிட்டால் 6,13,286. சன்னப்பா நாகப்பா வழக்கில் (2019) 37 சதவீதம் என்று சான்று வாங்கிய லாரி டிரைவருக்கு, இனி லாரி ஓட்ட முடியாது என்பதால் உச்ச நீதிமன்றம் 100 சதவீதம் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு இல்லாமல் எந்த மனுவும் போகக் கூடாது.

அதே டிரைவர் 166-இன் கீழ் தீர்ப்பாயத்தில் வென்றால் 25,000 பெருக்கல் 12 பெருக்கல் 15, வருமான இழப்பு மட்டுமே 45 லட்சம். மஸ்தான் வழக்குக்குப் (2006) பிறகு இரண்டு கதவையும் தட்ட முடியாது. தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். 164-இன் கீழ் வரும் இரண்டரை லட்சத்தை அவசரத்துக்குக் கை நீட்டி வாங்குபவரின் 166 மனு இற்றுப்போகும் என்பதையும் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆக, 166-க்குப் போக வேண்டுமானால் தப்பு டிரைவருடையது அல்ல, வண்டியைப் பராமரித்தவருடையது என்று காட்ட வேண்டும். பாலிசியில் சம்பள டிரைவருக்கான ஐ.எம்.டி. 28 இணைப்பு இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் தப்ப முடியாது. அந்த இணைப்பு இழப்பீட்டுச் சட்டத்தோடு நிற்பதில்லை, பொதுச் சட்டப் பொறுப்பையும் ஏற்கிறது. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையின் ஒரே வரி குறுக்கே வந்து படுக்கிறது: ‘விபத்து எந்த இயந்திரக் கோளாறாலும் ஏற்பட்டதல்ல.’

இந்த வரியைப் பற்றி இவ்விதழ் முன்பும் எழுதியிருக்கிறது. சலிக்காமல் மறுபடி எழுதுகிறோம்.

டிரெய்லர் மடங்குவது எப்படி என்று நமக்குத் தெரியும். முன்வண்டியின் இழுவைச் சக்கரங்கள் பிடி இழக்கின்றன, பின்னால் வரும் பாரம் தள்ளுகிறது, கேபின் திரும்பி டிரெய்லரின் பக்கவாட்டில் போய் அடைகிறது. ஐப்பசியின் முதல் மழையில், நிலக்கரித் தூள் படிந்த துறைமுகச் சாலையில், காலி டிரெய்லரோடு வரும்போது டிரைவர் மிதித்த மிதியே காரணமாக இருக்கலாம். டிரெய்லரின் பிரேக் செத்துக் கிடந்து, மொத்தப் பாரத்தையும் முன்வண்டி மட்டுமே நிறுத்தப் பார்த்திருந்தாலும் வண்டி இதே கோலத்தில்தான் கிடக்கும். எது நடந்தது என்பதை டிரெய்லரின் டிரம்மைக் கழற்றாமல் எவராலும் சொல்ல முடியாது.

ஆனால் இன்ஸ்பெக்டர்கள் சொல்கிறார்கள். முன்வண்டியின் பெடலை அமுக்கிப் பார்த்து, ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்து, அரைப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனி எஃப்.சி., ஆனால் அறிக்கையில் அதற்குத் தனியாக ஒரு பத்தி கிடையாது. இன்னும் கொடுமை, ‘டிரெய்லர் சக்கரங்கள் பிரேக் பிடித்த நிலையில் இருந்தன’ என்று எழுதி அதையே நல்ல பிரேக்குக்குச் சாட்சியாக்குவது. வண்டி மடங்கும்போது கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள ஏர் ஹோஸ் அறுந்துபோகும். எமர்ஜென்சி லைனில் காற்று போனால் டிரெய்லர் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும், அதன் வேலையே அது. அறுந்த பிறகு பூட்டிய பிரேக், அறுவதற்கு முன் பெடலை மிதித்தபோது பிடித்ததா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெளியிலிருந்து காற்று கொடுத்து, ஒவ்வொரு ஆக்சிலிலும் புஷ் ராடு எவ்வளவு நீள்கிறது, லைனிங் எவ்வளவு மிச்சம், டிரம்மில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்து, ஒரு குடும்பத்திடமிருந்து கிட்டத்தட்ட 30 லட்சத்தைப் பறிக்கிறார்கள்.

விதிகள் இல்லாமலா? 2022 ஏப்ரல் 1 முதல் விரிவான விபத்து அறிக்கையோடு வாகன ஆய்வறிக்கையும் சேர வேண்டும். கோஹர் முகமது வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. ஐஐடி மெட்ராஸும் என்.ஐ.சி.யும் உருவாக்கிய ஐராட் செயலியில் ஆய்வாளருக்கென்றே பகுதி இருக்கிறது. செயலி வந்ததால் பழைய வரி இப்போது தட்டச்சில் வருகிறது, அவ்வளவுதான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று ஆணையிட முடிந்த அரசுக்கு, மடங்கிய டிரெய்லரின் பிரேக்கைப் பிரித்துப் பார் என்று ஆய்வாளருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியவில்லை. போலீஸுக்கும் இதுவே வசதி. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் மீதே பி.என்.எஸ். 281-இல் வழக்கு, அவர் அபராதம் கட்டிவிட்டால் கோப்பு மூடப்படும். அந்த அபராத ரசீது பிறகு தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்புச் சான்றாவணமாக வந்து நிற்கும்.

வேகம் நம்மிடம்தான் இருக்க வேண்டும். சரக்கு கப்பலைப் பிடிக்க வேண்டும் என்பதால் கண்டெய்னர் அன்றே வேறு வண்டிக்கு மாறுகிறது, டிரெய்லர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் புது லைனிங்கோடு லைனுக்கு வந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-இன்படி ஆய்வு முடிந்த 24 மணி நேரத்தில் வண்டியைத் திருப்பித் தர வேண்டும். எனவே ஆய்வுக்கு முன்பே, டிரைவரின் மனைவியோ சங்கத்துக்காரரோ கையெழுத்திட்ட மனு நிலையத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இரண்டு பதிவு எண்களையும் எழுதி, இரண்டுக்கும் தனித்தனி ஆய்வும் படமும் கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். ஆய்வாளரைச் சாட்சிக் கூண்டுக்கு அழைக்காமல் அறிக்கையை ஒப்புக்கொண்டு குறியீடு செய்யும் வழக்கத்தை நம் தரப்பிலாவது நிறுத்துவோம். அபராதம் கட்டச் சொல்லிக் கட்சிக்காரரை அனுப்பும் ஜூனியர்களை நிறுத்துங்கள். 166(3)-இன் ஆறு மாதக் கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாதென 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்திருப்பது இடைக்கால உத்தரவு மட்டுமே. அதை நம்பி ஏழாவது மாதம் தாக்கல் செய்யாதீர்கள்.