ஹீமோகுளோபின் ஏறினால் போதுமா?

செறிவூட்டப்பட்ட அரிசியை ரேஷன், சத்துணவு, அங்கன்வாடி வழியாக 2028 டிசம்பர் வரை தொடர்ந்து வழங்க மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 9 அன்று ஒப்புதல் அளித்துவிட்டது. ஒதுக்கீடு 17,082 கோடி ரூபாய். இனி மருத்துவத் துறையில் இருக்கும் நாம் மௌனமாக இருப்பதற்கில்லை. இதழின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: திட்டத்தை வரவேற்கிறோம். இந்த அரிசியைப் பற்றி ரேஷன் கடை வாசலில் கிளம்பும் 'பிளாஸ்டிக் அரிசி' வதந்தியை மறுத்துப் பேசுவதும் நம் வேலைதான். அரிசிப் பையில் தலசீமியா எச்சரிக்கை வாசகம் வேண்டுமா என்ற விவாதத்தை ரத்தவியலாளர்களுக்கு விட்டுவிடுவோம். நம் கவலை பி12.

தர விதிப்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளுக்கு 400 கிராம் அரிசி உண்பவருக்குக் கிடைக்கும் பி12 அதிகபட்சம் 0.5 மைக்ரோகிராம், தேவையோ இரண்டுக்கும் மேல். கஞ்சி வடிப்பதில் போவது தனி. நாகைக் கடலோரத்தின் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் வீடுகளில் மத்தி மீன் இந்தக் குறையை நிரப்பிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் விவசாயக் கூலிக் குடும்பங்களில் மீனும் முட்டையும் தினப்படி உணவல்ல.

அரிசியில் உள்ள ஃபோலிக் அமிலம் தனியாக பி12 குறைபாட்டை மறைத்துவிடாது, அளவு சிறிது. ஆனால் அது தனியாக வருவதில்லை. கர்ப்பிணிக்குத் தினமும் 500 மைக்ரோகிராம் மாத்திரை, வளரிளம் பெண்ணுக்கு வாரந்தோறும் அதே அளவு. இவற்றுக்கு மேல், சோகை என்றதும் கை தன்னால் எழுதிவிடும் 5 மில்லிகிராம் மாத்திரை. பி12 இன்றி மெத்தியோனின் சிந்தேஸ் முடங்கிக் கிடக்கையில், இந்த ஃபோலிக் அமிலம் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் வழியாக நுழைந்து மெத்தில் பொறியைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. டிஎன்ஏ உற்பத்தி மீள்கிறது, எம்சிவி இறங்குகிறது, ஹீமோகுளோபின் ஏறுகிறது. பி12 குறைவால் வரும் தண்டுவடச் சிதைவு மட்டும் நிற்பதில்லை.

இதோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம், நோயாளி இடைவிடாமல் மருந்து எடுக்கிறார். இடைவிடாமல் எடுப்பதால்தான் பி12 உறிஞ்சலும் ஆண்டுக்கணக்கில் குறைகிறது. கால் எரிகிறது, பாதம் மதமதக்கிறது என்று அவர் வந்து நின்றால் நாம் என்ன செய்கிறோம்? சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று எழுதி பிரிகாபலின் கொடுத்து அனுப்புகிறோம். மெட்ஃபார்மின் எடுப்போரில் ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு அவ்வப்போது பி12 பார்க்கும்படி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனிலேயே சொல்லிவிட்டது.

இங்கே யார் பார்ப்பது, எங்கே பார்ப்பது? சோகை ஒழிப்பின் அளவுகோல் ஹீமோகுளோபின் ஒன்றுதான். முகாமுக்கு முகாம் விரலைக் குத்துகிறோம், எண்ணை எழுதுகிறோம், எண் ஏறியவரைக் குணமானவர் கணக்கில் சேர்க்கிறோம். பி12 கேட்டால் தனியார் ஆய்வகத்தைக் காட்டுகிறார்கள். நாற்று நடும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல். அரிசிக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பரிசோதனைக் கிட்டின் செலவு மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது? கொடுத்த மூட்டைகளுக்குக் கணக்கு இருக்கிறது. உடலில் என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு கேட்டால், வழிகாட்டுதல் வரட்டும் என்கிறார்கள். வழிகாட்டுதலை எழுத வேண்டியவர்களே இப்படிச் சொன்னால் நாம் யாரிடம் போவது?

ஒரத்தூர் மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. அதை மையமாக வைத்து, நெடுங்காலம் மெட்ஃபார்மின் எடுப்போருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இலவச பி12 பரிசோதனையை அரசு தொடங்க வேண்டும். ஐயமுள்ள மாதிரிகளில் ஹோமோசிஸ்டைனும் பார்க்க வேண்டும். அரிசியில் சேர்க்கும் பி12 அளவையும் மறுஆய்வு செய்ய வேண்டும்.

ஆணைக்காகக் காத்திராமல் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. பி12 நிலை தெரியாமல் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எழுதாதீர்கள். சோதிக்க வழியில்லை என்றால் முதலில் பி12 ஊசி போடுங்கள். மயக்கவியலாளர்கள் நைட்ரஸ் ஆக்சைடு தருமுன் மெட்ஃபார்மினைப் பற்றிக் கேளுங்கள். அந்த வாயு செயலிழக்கச் செய்வதும் இதே மெத்தியோனின் சிந்தேஸைத்தான். கால் மதமதக்கிறது என்று வருபவரிடம் சர்க்கரை அளவோடு நிறுத்திவிடாதீர்கள்.