சேலைக்கு மட்டும் கலரா?



என்னிடம் படித்த தம்பி ஒருவன், எங்கள் பாச்சலூர் கடைவீதியில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். கடைகள், பஸ், மனிதர்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. காப்பிப் பழம் பறித்துவிட்டு வரும் ஒரு அம்மாவின் சேலை மட்டும் சிவப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த அம்மாவிடமே போனில் காட்டினேன். "ஏன் சார், சேலைக்கு மட்டும் கலர் குடுத்திருக்கு, என் மூஞ்சிக்கு இல்லையா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

1993இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு சிறுமியின் கோட்டுக்கு மட்டும் சிவப்பு கொடுத்தார் ஸ்பீல்பெர்க். பிறகு பிணங்களோடு அந்தக் கோட்டைப் பார்க்கும்போதுதான் அவள் கதி நமக்குத் தெரிகிறது. அங்கே நிறத்துக்கு ஒரு வேலை இருந்தது. நம் படங்களில் 'இங்கே பார்' என்று விரல் நீட்டுவதைத் தவிர அது என்ன செய்கிறது?

ரகுபீர் சிங் இந்தியத் தெருக்களை முழு வண்ணத்தில் எடுத்தார். ரகு ராயின் புகழ்பெற்ற படங்கள் பலவும் கறுப்பு வெள்ளை. இரண்டு பேர் படத்திலும் மனிதர்கள் முழுதாக இருக்கிறார்கள்.

தம்பி, உன் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைப்பதென்றால், அந்த அம்மா கேட்ட கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கட்டும்.