திருட்டுப்போன அடையாள அட்டை எண்

மலாக்கா தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களே, உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்து 04 இருந்தால் நீங்கள் மலாக்காவில் பிறந்தவர். கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண்ணை மாற்ற முடியுமா?

2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் கசிந்தது அம்பலமானது. பெயர், முகவரி, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான்! ஆனால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் அன்று இல்லை.

2025 ஜூன் 1 முதல் உண்டு. இணையத்தளத்தை ஊடுருவித் தகவலைத் திருடி, அதனால் பெரும் பாதிப்பு வருமென்றால், நிறுவனம் 72 மணி நேரத்தில் ஆணையருக்கும், அதன்பின் 7 நாளில் நமக்கும் தெரிவிக்க வேண்டும். நல்லது. ஆனால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. உதவித்தொகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் நாம் விவரம் கொடுப்பது யாரிடம்? அரசாங்கத்திடம்தானே! கம்பெனிக்குச் சட்டம், அரசாங்கத்துக்கு விலக்கா? ஜாசின், அலோர் காஜா மக்களே, ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள்.

அதுவரை, "போலீஸ் பேசுகிறோம்" என்று எவனாவது உங்கள் எண்ணைச் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். பணம் அனுப்பிவிட்டால் உடனே 997-ஐ அழையுங்கள்.