குருவியை மறவாத தந்தை



டிசம்பர் விடுமுறை வந்துவிட்டால் நம்மில் பலர் குடும்பத்துடன் மலையகம் நோக்கிப் பயணமாகின்றோம். நுவரெலியாவின் குளிரை அனுபவித்து, அருவிகளையும் தேயிலைச் சரிவுகளையும் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றோம். ஆயினும், அங்கே எதையேனும் உண்மையாகவே பார்த்தோமா?

மலைப்பொழிவிலே, வானத்துப் பறவைகளிடம் பாடம் கற்கும்படி ஆண்டவர் இயேசு பணித்தார் (மத்தேயு 6:26). விரையும் வாகனத்தில் அமர்ந்தவாறு அப்பாடத்தைக் கற்க இயலாது. நின்று, ஓசையடக்கி, பொறுமையோடு நோக்குபவருக்கே அது கிட்டும்.

நுவரெலியா நகரில், விக்டோரியா மகாராணியாரின் வைரவிழா நினைவாக 1897ஆம் ஆண்டு பெயர் சூட்டப்பெற்ற பூங்கா உள்ளது. அங்கு மலர்களைக் காண வருவோர் பலர். புதரடியில் சருகுகளைக் கிளறி இரை தேடும் ஆறுமணிக் குருவியைக் காண்போர் சிலர். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் அதற்கு அப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் அப்பறவை, குளிர்காலத்தில் கடல் தாண்டி இங்கு வருகின்றது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்னும் சின்னஞ்சிறு குருவியும் அவ்வாறே வந்து சேர்கின்றது. அவற்றுக்கு வழிகாட்டியவர் யார்?

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியே செல்வோர் சிவனொளிபாதமலையைக் காண்பர். சிங்களத்தில் அதற்குச் 'சமனல கந்த', அதாவது வண்ணத்துப்பூச்சி மலை என்றும் பெயருண்டு. பருவகாலத்தில் கூட்டங்கூட்டமாக அம்மலையை நோக்கிப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள், அங்கே உயிர்விடவே யாத்திரை போவதாக முன்னோர் நம்பினர். குறுகிய காலமே வாழும் உயிருக்கும் இத்தனை அழகிய ஆடை! படைத்தவர் சிக்கனம் பார்க்கவில்லை.

ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் விற்கப்பட்டதை மத்தேயு நற்செய்தியில் காண்கின்றோம் (10:29). லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து (12:6). கணக்கிட்டுப் பாருங்கள்: ஐந்தாவது குருவி விலையின்றிச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது! அதையும் இறைவன் மறப்பதில்லை. ஆண்டவர் அத்தோடு நிறுத்தாமல், மனிதர் குருவிகளினும் மேலானவர் என்று உணர்த்தினார்.

அப்படியாயின், பறவையைத் தேடும் நம் கண்களுக்கு, அதே சரிவில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் சகோதரி தென்படுகின்றாரா? அவருடைய முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. பறவைகளிடம் சான்றிதழ் கேளாத இத்தீவில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோர் உரிமை பெற 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு லயன் அறையே இல்லம். நமது புகைப்படத்துக்கு அழகூட்டும் பின்னணியாக மட்டுமே அச்சகோதரியைக் கருதுவோமாயின், பறவை தந்த பாடத்தை நாம் பாதியிலேயே விட்டுவிட்டோம் என்பேன்.

இம்முறை மலையகம் செல்கையில், ஒரு காலைப்பொழுதையேனும் பிள்ளைகளோடு மரத்தடியில் அமைதியாகக் கழியுங்கள். வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்காமல் பார்த்து மகிழவும், கொண்டுசென்ற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவரவும் கற்பியுங்கள். தொழிலாளரைப் படமெடுக்குமுன் வணக்கம் கூறி அனுமதி கேளுங்கள். அவர்தம் பெயரையும் கேட்டறியுங்கள். குருவியை மறவாத தந்தை அப்பெயரை முன்னமே அறிந்திருக்கின்றார்.